நன்றியுரை வரைக்கும் உக்காருலே

ஏலே பேராண்டி, கவியரங்க நோட்டீசுல உன் பேரு வந்திருக்குன்னு காட்டுன. சந்தோசம். தாமிரபரணித் தண்ணி குடிச்ச வம்சத்துல ஒருத்தன் அசோக் நகருக்கு வந்து கவிஞன் ஆயிட்டான். நோட்டீசு முழுக்கக் கவிஞர் பேராக் கெடக்கு. ரசிகர் பேரு ஒண்ணுகூட இல்ல. இருந்தால்ல போடுவாவ!

எப்படி நடந்துக்கணும்னு சொல்லுதேன், கேட்டுக்கோ. கூட்டம் அஞ்சு மணின்னா நீ ஆறரைக்குப் போ. வெள்ளனப் போனா நாற்காலி விரிக்கச் சொல்லிருவானுவ. போனதும் அமைப்பாளர் காதுல, "அடுத்து ஒரு நிகழ்ச்சி இருக்கு, என்னைய முன்னாடி விட்டுருங்க"ன்னு சொல்லிரு. எல்லாப் பயலும் அதையேதான் சொல்லுவான், அதனால நீ கொஞ்சம் இருமிக்கிட்டே சொல்லு. மைக்கப் பிடிச்சா தலைமைக் கவிஞருக்கு நாலு வரி, பொன்னாடை வாங்கியாந்தவருக்கு நாலு வரி. பொறவு அவையடக்கமா, "நான் கவிஞனே இல்லை"ன்னு ஒரு போடு போடு. அன்னைக்கி நீ சொல்லுத உண்மை அது ஒண்ணாத்தான் இருக்கும். மூணு நிமிசம் தாண்டுனா துண்டுச் சீட்டு வரும். ரசிகர் கடுதாசின்னு மடிச்சுப் பையில போட்டுக்கோ. கடைசி வரிய ரெண்டு தரம் வாசி. அப்பவும் கை தட்டலன்னா மூணாவது தரம் வாசி, பயந்து தட்டுவானுவ. முடிஞ்சதும் செல்போனக் காதுல வச்சுக்கிட்டு வெளிய வந்து, அசோகத் தூண் பக்கம் பஸ்ஸப் பிடிச்சிரு.

உனக்கு முந்தி வாசிச்சவனும் அப்படித்தாம்லே போயிருப்பான். கடைசியில நன்றியுரை சொல்லுதவர் மைக்செட்டுக்காரருக்கு நன்றி சொல்லும்போது, அந்த மனுசன் வயரச் சுருட்டிக்கிட்டு நிப்பாரு.

சங்க காலத்துல சீத்தலைச் சாத்தனார்னு ஒரு புலவர் இருந்தாராம். அடுத்தவன் பாட்டுல குத்தம் கண்டா எழுத்தாணியால தன் மண்டையிலயே குத்திக்கிடுவாராம், புண்ணு ஆறவே ஆறாதாம். கதைதான். ஆனாலும் அவரு ஒரு சாயங்காலம் இங்கன வந்து மூணாவது வரிசையில உக்காந்தாருன்னு வையி. நல்லவேளை, அசோக் நகருல மெட்ரோ இருக்கு. ஏத்திவிட்டா நேரா சென்ட்ரல், எதுத்தாப்புல பெரியாஸ்பத்திரி.

பட்டம் வேணுமாக்கும் உனக்கு? தேரூர் தேசிக விநாயகம் பிள்ளை நம்ம தெக்கத்தி ஆளு. வாத்தியார் வேலையில ரிட்டயரும் ஆகி, 64 வயசான பொறவு, 1940-ல பச்சையப்பன் கல்லூரியில வச்சு அவருக்குக் 'கவிமணி'ன்னு பட்டம் கொடுத்தாவ. அந்தக் காலத்துல விவரம் பத்தாது. இப்ப பணத்தக் கட்டுனா தொகுப்பு நூல்ல ஒரு பக்கம், அஞ்சு பிரதி, கேடயம், சால்வை, பேருக்கு முன்னால ஒரு சுடரோ சிகரமோ எல்லாம் ஒரே சாயங்காலத்துல ஆயிருது. போட்டோவுல மட்டும் கண்ண மூடிராத.

கவியரங்கத்துக்குக் கூட்டம் அள்ளுன காலமும் உண்டுலே. கலைஞர் தலைமையில அப்துல் ரகுமான் வாசிச்சாருன்னா, ஒரு வரிக்கு அடுத்த வரி என்னன்னு காத்துக் கெடப்பாவ. இப்ப 1983-லருந்து ஜேஜேன்னு ஓடுன உதயம் தியேட்டரையே மூடியாச்சு. கவியரங்கத்துக்கு மட்டும் மூடுவிழா கெடையாது. டிக்கெட் வித்தாத்தானே நட்டம் வரும்! கொரோனாவுல ஊரடங்குன்னு வாயக் கட்டிப் பாத்தாவ, சூம்ல வந்து வாசிச்சானுவ. அங்க ஒரு வசதி, எந்திரிச்சுப் போறது யாருக்கும் தெரியாது.

சிரிக்காத, இனிமேதான் விசயம். வத்தலக்குண்டுக்காரரு சி.சு. செல்லப்பா. திருவல்லிக்கேணிப் பிள்ளையார் கோயில் தெருவுல இருந்துக்கிட்டு 1959-ல 'எழுத்து'ன்னு ஒரு பத்திரிகை ஆரம்பிச்சாரு. 119 இதழ் கொண்டாந்தாரு. எதுகை மோனை இல்லாம எழுதுனா அது கவிதையான்னு ஊரே கேலி பண்ணுன காலம். 1962-ல 'புதுக்குரல்கள்'னு தொகுப்புப் போட்டாரு. 24 பேரு எழுதுன 63 கவிதை, நாயன்மார் கணக்கு. பொறவு புஸ்தகத்தப் பையில போட்டுத் தூக்கிக்கிட்டுக் காலேஜு காலேஜா அலைஞ்சு வித்தாரு. தான் எழுதுனத மட்டும் தூக்குனா சுமை கொறையும்லா? அந்தச் சூட்சுமம் அவருக்குத் தெரியல. ஊரான் வீட்டுக் கவிதையையும் சேத்துச் சுமந்தாரு. அதனாலதான் இன்னைக்கி நீ புதுக்கவிதைன்னு ஒண்ணக் கிறுக்கிட்டுச் சட்டமா மேடையேறுத.

ரொம்பத் தூரம்னு நெனைக்காத. இந்தா கூப்பிடு தூரம் மேற்கு மாம்பலத்துல, அழகியசிங்கர்னு ஒருத்தரு பேங்க் வேலையும் பாத்துக்கிட்டு 1988-ல 'நவீன விருட்சம்' ஆரம்பிச்சாரு. அடுத்தவன் எழுதுனதப் படிச்சு, அத அச்சுலயும் போடுதது லேசுப்பட்ட வேலையா? உங்க கூட்டத்துல ஒருத்தன் வாசிக்கையில பக்கத்துல இருக்கவன் தன் பேப்பரத்தான் திருத்திக்கிட்டு இருக்கான். கல்யாண வீட்டுல அத்தனை பேரும் மாப்பிள்ளையா வந்து நின்னா தாலி யாருக்குக் கட்டுததுலே?

அதனால வாற ஞாயித்துக்கெழமை நீ வாசிச்சு முடிச்சதும் உக்காரு. செல்போன அமத்திரு. மைக்செட்டுக்காரர் வயரச் சுருட்டுத வரைக்கும் எந்திரிக்காத. யாராவது ஒருத்தன் ஒரு நல்ல வரி சொல்லியிருப்பான், கிட்டப் போயி அந்த வரியத் திருப்பிச் சொல்லு. பய ஆடிப் போயிருவான். திரும்புகையில கே.கே. நகர் முனுசாமி சாலையில டிஸ்கவரி புக் பேலஸ் ஏறி, ஒரு கவிதைப் புஸ்தகம் வாங்கியா, காசு நான் தாரேன். உன் புஸ்தகத்த வாங்கிராத, அது நம்ம கட்டிலுக்கு அடியில எரநூறு கெடக்கு.