ஆசீர்வாத லாரிகள்

கேள்வி: எங்கள் சபையில் இப்போது பாடும் பாட்டுகளில் 'நான், எனக்கு, என்னை' தவிர வேறு இறையியலே இல்லையே?
– ஒரு வாசகர், மணலி புதுநகர்

பதில்: 'நான்' மேல் கோபம் வேண்டாம், சங்கீத புத்தகத்திலும் அது ஏராளம். ஆனால் அங்கே அந்த 'நான்' பாவத்தை ஒப்புக்கொள்ளும், புலம்பும், கடவுளிடம் மல்லுக்கே நிற்கும். இப்போதைய 'நான்' ஆசீர்வாதத்துக்கு மட்டும் காத்து நிற்கிறது, உங்கள் ஊர்ச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் நிற்பதுபோல.

பழைய பாட்டுகளின் பரப்பே வேறு. கிறிஸ்தவக் கவிஞர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) தம் பெத்லகேம் குறவஞ்சிக்குள் வானியலையே கொண்டுவந்தவர்! அதற்காகப் பழசெல்லாம் தங்கமில்லை. ஜெர்மன் மெட்டுக்குள் தமிழை மடக்கித் திணித்த சில பாமாலைகளைப் பாட மூச்சுப்பயிற்சி வேண்டும். மணலியின் ஆலைப்புகைக் காற்றில் அது இன்னும் சிரமம்.

ஆனாலும் ஒரு ஞாயிறு உங்கள் சபை கீபோர்டுக்காரரிடம் பழைய கீர்த்தனை ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். "அதுக்கு இதுல ரிதம் இல்லண்ணே" என்பார்.