பொன் வாரியம்

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துப் பக்கத்து டீக்கடையில் யாராவது மளிகைப் பையோடு வந்து உட்கார்ந்தால் போதும், பெஞ்சின் மறுகோடியிலிருந்து ஒரு கேள்வி வரும்: “உளுந்து இன்னா போட்டான்?” வந்தவர் விலையைச் சொல்வார். கேட்டவர் சட்டைப் பையிலிருந்து நாற்பது பக்க நோட்டை எடுத்துப் புரட்டுவார். புரட்டி முடித்து, துக்கம் விசாரிக்கிற குரலில், “ஆறு ரூபா ஏமாந்துட்ட” என்பார். அதற்கப்புறம் வந்தவருக்கு டீ இறங்காது.

இப்படி ஒருவர் இல்லாத ஊர் கிடையாது. ஊர் பெரிதாக இருந்தால் தெருவுக்கு ஒருவர் தேறுவார். இந்த ஊர்க்காரர் ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர். இருபது கிராம் வரை ஐந்து ரூபாய்த் தபால்தலை, அதற்கு மேல் போனால் கூடுதல் என்று தராசு முள்ளையே பார்த்துப் பழகிய கண். பென்ஷன் வாங்கத் தொடங்கியதும் அந்தக் கண் மளிகைச் சாமான் பக்கம் திரும்பிவிட்டது. சொந்தப் பெயர் ஒன்று இருக்கிறது. ஊருக்கு அவர் ‘பொன் வாரியம்’.

பட்டம் சூட்டியவர் ஒரு தமிழ் வாத்தியார். ஊருக்குள் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன, 919-லும் 921-லும் வெட்டியவை. அவை விவரிக்கிற குடவோலை முறையைப் பற்றி இரண்டு மார்க் கேள்வியாவது எழுதாமல் தமிழ்நாட்டில் யாரும் பள்ளிக்கூடத்தைத் தாண்டியிருக்க மாட்டார்கள். ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம், தோட்டத்துக்குத் தோட்ட வாரியம், பொன்னுக்கு மாற்றுப் பார்க்கப் பொன் வாரியம். போஸ்ட்மாஸ்டர் பருப்புக்கு மாற்றுப் பார்க்கிறார். உறுப்பினர் வயது 35-லிருந்து 70-க்குள் என்று கல்வெட்டு சொல்கிறது. இவருக்கு 67, தகுதி உண்டு. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினர்களும் மறுபடி அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்றும் அதே கல்வெட்டு சொல்கிறது. அதை மட்டும் வாத்தியார் அவரிடம் சொல்லவில்லை.

நோட்டில் ஆறு கட்டங்கள். தெருமுனைக் கடை, பஜாரில் ஒரு மொத்தக் கடை, காஞ்சிபுரத்தில் இரண்டு சூப்பர் மார்க்கெட், ரேஷன், கடைசியாக ‘தாம்பரம்’. தாம்பரம் என்றால் மகன். அப்பா கேட்டாரே என்று அவன் அங்கே ஒரு பெரிய கடையில் அலமாரி அலமாரியாகப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தான். ஒருநாள் செக்யூரிட்டி தோளைத் தொட்டு, போட்டிக் கடைக்காரன் ஆளா என்று விசாரித்தார். “எங்கப்பாவுக்கு” என்றான். அவர் நம்பவில்லை. யார்தான் நம்புவார்கள்?

பாக்கெட் விலையை இவர் மதிப்பதே இல்லை. கிராம் கணக்குத்தான். இதில் அவரைக் கேலி செய்வதற்கில்லை, விஷயம் தெரிந்த மனிதர். 2022-ல் பிஸ்கட்டும் சோப்பும் விலை ஏறாமலே இளைத்தன. ஐந்து ரூபாய் பார்லே-ஜி 64 கிராமிலிருந்து 55 ஆனது. பத்து ரூபாய் விம் சோப்பு 155-லிருந்து 135-க்கு இறங்கியது. பத்திரிகைகள் எழுதுவதற்கு முன்பே போஸ்ட்மாஸ்டருக்குத் தெரியும். டீயில் முக்கும்போது பிஸ்கட் சீக்கிரம் தீர்கிறதே என்று அவர் சந்தேகப்பட்டு, பழைய பாக்கெட் காகிதத்தைப் பரணிலிருந்து தேடி எடுத்தவர். எண்ணெய் வாங்கும்போதும் ‘1 லிட்டர்’ என்ற பெரிய எழுத்தை விட்டுவிட்டு, ஓரத்தில் பொடியாக 910 கிராம் இருக்கிறதா என்று பார்ப்பார். பக்கத்து பாக்கெட்டில் அதே உயரம், அதே பூப்படம், உள்ளே 850 மில்லி. இப்போது ஒரு கிராம், ஒரு மில்லி என்ன விலை என்பதையும் பாக்கெட் மேலேயே அச்சடிக்க வேண்டும் என்று எடையளவு விதிகளில் சேர்த்துவிட்டார்கள். அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். எல்லாருக்கும் தெரிந்துவிட்டால் நோட்டுக்கு என்ன மரியாதை?

சூப்பர் மார்க்கெட்டில் அவரைப் பார்க்க வேண்டும். 1916-ல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் ‘பிக்லி விக்லி’ என்று ஒரு கடை திறந்து, சாமானை வாடிக்கையாளரே எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டார். எடுத்ததைத் திரும்பத் திரும்ப வைக்கிற வாடிக்கையாளரை அந்த மனிதர் நினைத்துப் பார்த்திருப்பாரா தெரியாது. போஸ்ட்மாஸ்டர் தள்ளுவண்டியை நிரப்பிக்கொண்டே போவார். பில் போடும் இடத்துக்கு நாலடி முன்னால் நின்று, நோட்டைப் பார்த்து, ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் அதனதன் இடத்தில் வைத்துவிட்டு வருவார். ஒன்றரை மணி நேரம் கழித்து வெளியே வரும்போது கையில் கடுகு, 100 கிராம். இடத்தை மாற்றாமல் வைக்கிறாரே என்று கடைப் பெண்களுக்கு அவர்மேல் நல்ல அபிப்பிராயம்.

போன வருஷம் பற்பசைக்கு வந்த சோதனையைத் தெருவே பேசும். குளியல் சோப்பு, பற்பசை, ஷாம்பு, தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதமாகக் குறையும் என்று 2025 செப்டம்பர் 3-ம் தேதி அறிவிப்பு வந்தது. குறைவது 22-ம் தேதியிலிருந்து. அறிவிப்பு வந்த அன்று காலையில்தான் வீட்டில் ட்யூப் தீர்ந்திருந்தது. “பத்தொன்பது நாள்தானே?” என்றார் போஸ்ட்மாஸ்டர். முதலில் ட்யூபை அடியிலிருந்து சுருட்டினார்கள். அப்புறம் சப்பாத்திக் கட்டையால் உருட்டினார்கள். அப்புறம் கத்தரிக்கோலால் வெட்டி உள்ளே வழித்தார்கள். இரண்டாவது வாரம் வீட்டுக்குப் பின்னாலிருந்த வேப்பமரத்தின் தாழ்ந்த கிளைகள் மொட்டையாயின. 22-ம் தேதி விடிந்ததும் முதல் ஆளாகக் கடை வாசலில் நின்றார். பாக்கெட்டில் பழைய விலைதான் இருந்தது; கடைக்காரர், புது விலைக்கு இன்னும் கம்ப்யூட்டரில் மாற்றவில்லை, இரண்டு நாள் கழித்து வாருங்கள் என்றார். வேப்பமரத்துக்கு இன்னும் இரண்டு நாள்.

அரிசிக் கதை வேறு. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பாக்கெட்டில் அடைத்துப் பெயர் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. ஆலைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 26 கிலோ மூட்டை கட்டினார்கள். வரி போயே போச்சு. ஒரு கிலோ அரிசியால் ஒரு சட்டத்தையே தாண்டிய அந்த மூட்டையைப் பார்த்து போஸ்ட்மாஸ்டர் கண் கலங்கிவிட்டார் என்பார்கள். அன்றிலிருந்து மாதம் ஒரு மூட்டை, அதுவும் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைகிறது என்று காஞ்சிபுரத்திலிருந்து. ஊரைச் சுற்றி ஏரிப் பாசனத்து நெல். அந்த வயல்களுக்கு நடுவே, செய்யாறு, பாலாறு என்று இரண்டு ஆற்றைத் தாண்டிப் போய், வண்டியின் முன்பக்கம் மூட்டையை வைத்து, அதன் மேல் முகவாயை ஊன்றிக்கொண்டு திரும்பி வருகிறார்.

போன மாதம் நோட்டில் இப்படி எழுதியிருந்தது: அரிசியில் மிச்சம் 52, பருப்பு வகையில் 24, எண்ணெயில் 11, ஆக 87. அடியில் இரண்டு கோடு.

அவர் மனைவி கேட்டார்: “போக வர அறுபது கிலோமீட்டர். உங்க வண்டி அம்பது குடுக்குது. பெட்ரோலு லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல. இது எங்க?”

போஸ்ட்மாஸ்டர் அசரவில்லை. “காமாட்சி அம்மனைப் பாக்கத்தானே போனேன்? பெட்ரோலு அம்மன் கணக்கு.”

அம்மன் கணக்கில் மாதம் நூற்றிருபது ரூபாய்க்குக் குறையாமல் எழுதப்படுகிறது. போன ஐப்பசியில் ஒரே வாரத்தில் மூன்று முறை தரிசனம். அந்த வாரம் மூன்று கடைகளில் தீபாவளித் தள்ளுபடி.

அந்த அம்மாளுக்கு நோட்டு கிடையாது. மாதம் பிறந்ததும் ஸ்மார்ட் கார்டை எடுத்துக்கொண்டு ரேஷன் கடைக்கு நடப்பார்: அரிசி இலவசம், துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25, சர்க்கரை கிலோ 25. இந்த விலைக்கு எந்தக் குளிரூட்டிய கடையும் கிட்டே வராது. ரேஷன் அரிசி இட்லிக்கு. அது போஸ்ட்மாஸ்டருக்குத் தெரியாது, பூப்போல இருக்கிறது என்று காஞ்சிபுரத்து மூட்டையைப் புகழ்ந்துகொண்டே ஆறு சாப்பிடுவார். புளி இறங்குகிற பருவத்தில் அந்த அம்மாள் ஒரு வருஷத்துப் புளியை வாங்கிக் கொட்டை எடுத்துப் பானையில் அடைத்துவிடுவார். எப்போதாவது காஞ்சிபுரம் போக வேண்டியிருந்தால் பெண்களுக்குக் கட்டணமில்லாத நகரப் பேருந்து. 2021-லிருந்து அவருடைய போக்குவரத்துச் செலவு பூஜ்யம். மற்றதெல்லாம் தெருமுனைக் கடைதான்.

அந்தத் தெருமுனைக் கடைக்குத்தான் ஒரு சாயங்காலம் போஸ்ட்மாஸ்டர் வந்து நிற்க நேர்ந்தது. மூட்டை வந்துவிட்டது, எண்ணெய் வந்துவிட்டது, உப்பு வரவில்லை. கடைக்காரர் உப்பைக் கட்டி மஞ்சப்பையில் போட்டார். கேட்காமலே ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் கொஞ்சம் கொத்தமல்லியும் மேலே வைத்தார்.

“இதுக்கு எவ்ளோ?”

“கொசுறு சார். அம்மாவுக்கு எப்பவும் குடுக்கறதுதான்.”

வீட்டுக்கு வந்து நோட்டை விரித்து வைத்துக்கொண்டார். ஆறு கட்டம் இருந்தது. பென்சிலைக் காதில் செருகினார், எடுத்தார், மறுபடி செருகினார்.

“இன்னா யோசன?” என்றார் மனைவி, தாளித்துக்கொண்டே.

“காஞ்சிபுரத்துல கறிவேப்பிலைய ப்ளாஸ்டிக் டப்பாவுல வச்சு பதினஞ்சு ரூபா போட்டிருந்தான். இங்க சும்மா குடுக்கறான். வித்தியாசம் பதினஞ்சு. தெனம் ஒரு கொத்துன்னா மாசம் நானூத்தி அம்பது.” நிமிர்ந்து பார்த்தார். “இத்தினி வருஷமா நீ இத ஒரு நாளும் எங்கிட்ட கணக்குக் காட்டலயே?”

எண்ணெயில் கறிவேப்பிலை விழுந்து வெடித்த சத்தத்தில், அந்த அம்மாள் என்ன பதில் சொன்னார் என்பது வாசல்வரை கேட்கவில்லை.