திண்ணை போன வாசல்

புற்றுமண்ணைப் பிரசாதமாக வாங்கி நெற்றியில் இட்டுக்கொள்கிற ஊர் எங்கள் சங்கரன்கோவில். கோமதி அம்மனைக் கும்பிட்டுவிட்டு அந்த மண்ணோடு வீடு திரும்பும் அதே சனம்தான், புற்றைக் கட்டுகிற கரையானுக்குப் பயந்து கட்டில் காலுக்கடியில் தட்டைக்கல் கொடுத்து வைக்கும். மண்ணில் கால் ஊன்றிய மரம் தப்பாது என்பது சின்னப்பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்த காலம். அதனால் இரவும் பகலும் வெளியிலேயே கிடக்கிற உரிமை கல்லுக்கு மட்டும்தான் இருந்தது. வீடு எழும்பும்போதே வாசலின் இரண்டு பக்கமும் கல் திண்ணையும் எழும்பிவிடும். கோவிலின் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்த கூட்டம் யார் வீட்டுத் திண்ணை என்று கேட்காமல் துண்டை விரித்துப் படுக்கும். காலையில் அவர்களுக்கும் சேர்த்து ஒரு சொம்பு தண்ணீர் வாசலுக்கு வரும்.

கட்டில் அப்படியல்ல, அது வந்து போகும். வேப்பஞ்சட்டம், பனை நார். பின்னுகிறவர் நாரை முதல் நாளே ஊறப்போட்டு, ஈரம் காய்வதற்குள் காலால் சட்டத்தை மிதித்துக்கொண்டு இழுத்து இழுத்துப் பின்னுவார். தொய்ந்துவிட்டால் கால்மாட்டுக் கயிற்றை இறுக்கினால் போதும். சித்திரை மாதத்து ராத்திரியில் வாசல் தெளித்த ஈரம் அடங்கியதும் கட்டில்கள் வரிசையாக வெளியே வரும். முதுகில் நார் பதிந்த கோடுகளோடு எழுந்து, வெயில் ஏறுவதற்குள் அவற்றைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்து நிறுத்துவது பையன்கள் வேலை. முனகிக்கொண்டேதான் செய்வோம். நீங்களும் முனகியிருப்பீர்கள். நார் மூன்று நான்கு தடவை மாறியிருக்கும், சட்டம் அப்படியே இருக்கும்.

தொண்ணூறுகளில் பிளாஸ்டிக் நாற்காலி வந்தபோது எங்களுக்கு எத்தனை சந்தோஷம்! ஒரு கையில் நாலைத் தூக்கலாம், குழாயடியில் வைத்துக் கழுவிவிடலாம், கரையான் கிட்டே வராது, விசேஷ வீட்டுக்குப் பத்தை அடுக்கி சைக்கிளிலேயே கொண்டுபோகலாம். அதனாலேயே அதை உள்ளே எடுத்து வைக்கிற பழக்கமும் போயிற்று. எங்கள் ஊர் வெயிலோ மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே மேகமில்லாமல் அடிக்கிற வெயில். அதிலுள்ள புற ஊதாக் கதிர் பாலிபுரொப்பிலீனின் நீண்ட இழைகளை உள்ளுக்குள்ளேயே அறுத்துவிடும். முதலில் நிறம் வெளுக்கும், தடவினால் கையில் வெள்ளைத் தூள் ஒட்டும், பிறகு ஒருநாள் கனத்த சொந்தக்காரர் ஒருவர் உட்காரும்போது பின்கால் பிளந்துகொள்ளும். அதைப் பின்னித் தர எந்தத் தெருவிலும் ஆள் கிடையாது.

திண்ணையை யாரும் ஒரே நாளில் இடிக்கவில்லை. தார் மேல் தார் போட்டுத் தெரு உயர்ந்துகொண்டே போக, முழங்கால் உயரத்தில் இருந்தது கணுக்கால் உயரத்துக்கு இறங்கிற்று. பின்பு மழைத்தண்ணீர் உள்ளே வருகிறதென்று வீட்டைக் கட்டி உயர்த்தியவர்கள், திண்ணை இருந்த இடத்தில் பைக் ஏறுவதற்குச் சாய்தளம் போட்டார்கள்.

இப்போது அக்கா மகன் புது வீடு கட்டியிருக்கிறான். வாசலில் போட்டால் நாள்பட நிற்பது எது என்று கேட்டு, போனில் படம் படமாக அனுப்புகிறான். இரும்பு பெஞ்சு என்றால் பற்றவைத்த இடத்துக்கும் காலின் அடிப்பக்கத்துக்கும் வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்க வேண்டும், துரு அங்கேதான் தொடங்கும் என்றேன். தேக்கு நல்லதுதான், அதன் எண்ணெய்ப்பசை கரையானையும் தண்ணீரையும் அண்டவிடாது. ஆனால் அது நடுமரத்து வைரத்துக்குத்தான், ஓரத்து வெள்ளைக்கு அல்ல, இளமரத்தில் வெள்ளைதான் அதிகம், பார்த்து வாங்கு என்றேன். எல்லாம் சொல்லிவிட்டு, கிழக்குச் சுவரையொட்டி இரண்டு கால் கட்டி அதன்மேல் ஒரு கருங்கல் பலகை போடு மாப்ளே, மத்தியானத்துக்கு மேல் வெயில் விழாது, உன் பேரன் வரைக்கும் உட்காரலாம் என்றேன்.

“அது பைக் விடுற இடமாச்சே மாமா?” என்றான். பைக்கைத் தெருவில் விடச் சொல்லி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.