உடுக்கையில் ஒரு பொட்டு

கே: தொழிற்சாலைக் குழாய்ப் படங்களைக் கணினியே படித்துவிடுமாமே? எங்கள் பிழைப்பில் மண் விழுமா?
(டிராஃப்ட்ஸ்மேன், மணலி)

ப: இப்போதைக்கு அது உங்களுக்கு எடுபிடி. குழாயும் கருவியும் காட்டும் 'பி அண்ட் ஐடி' தாள்கள் பழைய ஆலைகளில் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. எத்தனை வால்வு, எத்தனை பம்ப் என்று பட்டியல் எடுக்க ஒருவர் நாள்கணக்கில் தாள்மேல் கவிழ்ந்து கிடக்க வேண்டும். கணினி கேட்பது அந்த வேலையைத்தான். முதுகுவலி போகிறதே என்று யாராவது அழுவார்களா?

கே: வால்வை அது எப்படிக் கண்டுபிடிக்கிறது?
(பாலிடெக்னிக் மாணவி, திருச்சி)

ப: கேட் வால்வின் குறி, படுக்கவைத்த உடுக்கை: இரண்டு முக்கோணம், முனையோடு முனை. முன்பெல்லாம் மாதிரிக் குறி ஒன்றைத் தாள் முழுக்க நகர்த்தி, எங்கே பொருந்துகிறது என்று பார்த்தார்கள். செங்குத்துக் குழாயில் உடுக்கை எழுந்து நின்றால் போச்சு. இப்போது நின்றது, படுத்தது, மங்கியது என்று ஏராளமான குறிகளைப் பெட்டி கட்டிக் காட்டி நியூரல் நெட்வொர்க்கைப் பழக்குகிறார்கள். ஆனால் அதே உடுக்கையின் இடுப்பில் கறுப்புப் பொட்டு வைத்தால் அது குளோப் வால்வு. கேட் வால்வு திறக்க, மூட. குளோப் வால்வு ஓட்டத்தைக் கூட்ட, குறைக்க. ஜெராக்ஸில் விழுந்த ஒரு மைத்துளி போதும், வால்வே மாறிவிடும்.

கே: படத்தில் குறிகளைக் கண்டுபிடிக்கும் யோலோ நெட்வொர்க்கிடம் முழுத் தாளையும் கொடுத்தேன். ஒரு வால்வுகூட அகப்படவில்லையே?
(பொறியாளர், கோவை)

ப: ஏ1 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் நீளவாக்கில் சுமார் 9,900 புள்ளி. யோலோவுக்கு வழக்கமாகக் கொடுப்பது 640. அதற்குள் சுருக்கினால், 8 மி.மீ. வால்வு 94 புள்ளியிலிருந்து 6 புள்ளிக்கு இளைத்துவிடும். தாளைத் துண்டு போட்டுக் கொடுங்கள். துண்டுகள் ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கட்டும். இல்லாவிட்டால் வெட்டில் மாட்டிய உடுக்கை இரண்டு முக்கோணமாகப் பிரிந்துபோகும்.

கே: கருவிக்கு வட்டம் போடுகிறார்கள். சிலவற்றின் குறுக்கே ஒரு கோடு. அதைத் தவறவிட்டால் குடியா முழுகிவிடும்?
(பயிற்சிப் பணியாளர், தூத்துக்குடி)

ப: கோடில்லாத வட்டம் என்றால் கருவி குழாய்ப் பக்கத்தில் வெயிலில் நிற்கிறது. முழுக்கோடு போட்டால் கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறது. ஸ்கேனர் அந்தக் கோட்டை விழுங்கினால், ஏ.சி.யில் இருந்தவரைத் தெருவில் தேடுவீர்கள்.

கே: 99 சதவீதம் சரியாக இருக்கும் என்கிறார் மென்பொருள் விற்பவர். வாங்கலாமா?
(கொள்முதல் அதிகாரி, ஓசூர்)

ப: தாளில் 200 குறி இருந்தால் இரண்டு தப்பு. எந்த இரண்டு என்று கேளுங்கள். சொல்லிவிட்டால் வாங்கிவிடுங்கள்.

கே: அப்பா கையால் வரைந்த படங்கள் பரண்மேல் இருக்கின்றன. ஸ்கேன் செய்து வைக்கட்டுமா?
(வாசகர், சேலம்)

ப: உடனே செய்யுங்கள். முதலில், எந்தக் குறிக்கு என்ன பொருள் என்று சொல்லும் லெஜண்ட் ஷீட்டைத் தேடுங்கள். மின்சுற்றுப் படத்தில்கூட, ரெசிஸ்டரை அமெரிக்கர் நெளிகோடாகப் போடுவார். ஐரோப்பியர் வெறும் பெட்டியாகப் போடுவார். அப்பா எதற்கு எதைப் போட்டார் என்பது அந்தத் தாளில்தான் இருக்கும். அதைக் கரையான் தின்றுவிட்டால் மற்றதெல்லாம் கோலம்.