காவோலையும் கைப்பிழையும்

வா அப்பு, உக்காரு. கழுத்துல பைனாகுலரு, கையில நோட்டு. மூணு நாளா நம்ம பனங்காட்டையே சுத்துறே. ‘சாயல்குடிப் பனையில ஆப்பிரிக்கத் தகைவிலான்’னு டீக்கடையில சொன்னியாமே? நானும் தலையாட்டிட்டேன். தலையாட்டக் காசா பணமா?

ஆனாலும் ஒண்ணு கேக்குறேன். தகைவிலான் கரண்டுக் கம்பியில வரிசையா உக்காரும். நீ பாத்தது உக்காந்துச்சா? உக்காராது, காலு அப்பிடி. தொத்திக்கத்தான் தெரியும். அது பனை உழவாரன். ரெண்டும் பறந்துக்கிட்டே பூச்சி பிடிக்கும். அதுக்காக அண்ணன் தம்பின்னு சொல்லிப்புடாதே. அமெரிக்காவுல பூவுக்கு முன்னால அந்தரத்துல நின்னு தேன் குடிக்குதே ஓசனிச்சிட்டு, அதுதான் உழவாரனுக்கு ஒறவு. வெக்கப்படாதே, 1758-ல லின்னேயஸே ரெண்டையும் ஒரே பந்தியில உக்கார வச்சவருதான். தகைவிலானுக்கு அவரு வச்ச பேரு ‘ரஸ்டிகா’, பட்டிக்காட்டான். நம்ம ஆளு!

எனக்கு எப்பிடித் தெரியும்னு முழிக்காதே. நீ திண்ணையில போட்டுட்டுப் போன புத்தகத்தைப் பேத்தி வாசிச்சுக் காட்டுச்சு.

ஆப்பிரிக்கான்னதுக்குப் பாதி மார்க்கு உண்டு. அங்குள்ள பனை உழவாரனும் நம்மளுதும் ஒரே இனம்னுதான் ரொம்ப நாள் எழுதிவச்சிருந்தாக. பெறகு பாகம் பிரிச்சுட்டாக. அதுக்கு லிக்டென்ஸ்டைன் 1823-ல வச்ச ‘பர்வுஸ்’, நம்மளுதுக்கு கிரே 1829-ல வச்ச ‘பலாசியென்சிஸ்’. பலாசி எந்த ஊருன்னு தேடாதே. வங்காளத்துல உழவாரனுக்குப் பேரு ‘பாதாசி’, பாதாஸ்னா காத்து. இங்கிலீசு ‘டி’க்குக் குறுக்குக்கோடு விட்டுப்போனா ‘எல்’லுதானே? ஜெர்டான் 1862-ல ‘பதாசியென்சிஸ்’னுதான் போட்டாரு. எடுபடலை. மொத அச்சுல வந்த பேருதான் நிக்குமாம். என் ரேசன் கார்டுல முனியாண்டி ‘முனியாடி’ ஆனான். இன்னைக்கும் முனியாடிக்குத்தான் சீனி போடுறாக.

பேரைக் காத்துல விட்டாலும் அந்தக் குருவி முட்டையைக் காத்துல விடலை பாத்தியா? தொங்குற காவோலையில, ஒரு எறகுக் கிண்ணம். எச்சில்தான் பசை. முட்டையையும் அதே எச்சிலால ஒட்டி வச்சுருது. கச்சான்காத்து ஓலையை எந்தப் பக்கம் அடிச்சாலும் உருளாது. குருத்தோலை சிரிக்கட்டும், அதுக்குக் காவோலைதான் வீடு.

நாளைக்குக் காவோலை கழிக்க ஆளு வருது. நோட்டை வச்சுட்டு வெள்ளன வந்து, எந்தெந்த மரத்துல குஞ்சு கெடக்குன்னு காட்டு. அந்த மரத்தை மட்டும் விட்டுரச் சொல்றேன்.