தோழரண்ணன்

தொண்டாமுத்தூர் வட்டாரத்தில் பேக்கரிக்கு ஒரு தோழரண்ணன் உண்டு. வயது ஐம்பதுக்கு மேல். தோளில் ஜோல்னாப் பை. அதில் பாதி பெரியார், பாதி மார்க்ஸ், இடுக்கில் கட்டாத கரண்ட் பில். எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை. கேட்டால், “ஆதரவாளருங்க, ஆனா விமர்சனத்தோட” என்பார்.

2021 சட்டமன்றத் தேர்தலில் அவர் சொன்ன ஜோசியம் பாதி பலித்தது. தமிழ்நாட்டில் தி.மு.க. அணிக்கு 159 இடம். மீதிப் பாதி தொண்டாமுத்தூர். இங்கே தி.மு.க. சார்பில் நின்றவர் காங்கேயம் மாட்டினத்தைக் காக்கப் பாடுபட்ட கார்த்திகேய சிவசேனாபதி. “மாட்டுக்காகப் போராடுனவருக்கு விவசாயி ஓட்டுப் போடாம இருப்பானுங்களா?” என்று கேட்டிருந்தார். அ.தி.மு.க.வின் எஸ்.பி. வேலுமணி 41,630 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். கோவை மாவட்டத்தின் பத்துத் தொகுதிகளும் அ.தி.மு.க. அணிக்கே போயின. கோவை தெற்கில் பா.ஜ.க.வின் வானதி சீனிவாசனிடம் கமல்ஹாசனே 1,728 ஓட்டில் தோற்றுப்போனார். சென்னைச் சம்பந்தி போனில் வாழ்த்துச் சொன்னபோது, கல்யாண வீட்டில் செருப்பைத் தொலைத்தவர் மாதிரி ‘ம்’ கொட்டினார் தோழரண்ணன்.

தோல்விக்கு அவரிடம் எப்போதும் மூன்று காரணங்கள் தயார்: சாதி, பணம், கொங்கு மனநிலை. மூன்றாவது என்னவென்று கேட்டால், முதல் இரண்டையும் சேர்த்துச் சொல்வார்.

பிரச்சாரத்துக்குப் போனாலும் இதே கதைதான். நரசீபுரம் பக்கம் ஒரு தோட்டத்தில் பாசிசத்தின் வரலாற்றை இத்தாலியிலிருந்து ஆரம்பித்தார். தோட்டக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அது கெடக்குதுங்ண்ணா. வாழைக்குள்ள ஆனை எறங்குதே, அதுக்கு என்னங்க பண்றது?” என்றார்.

“அதுக்கும் முதலாளித்துவம்தானுங்க காரணம்.”

சொன்னது தப்பில்லை. யானை போகிற வழியெல்லாம் கட்டடமாகிக் கிடக்கிறது. ஆனால் அன்று ராத்திரி யானை வந்தபோது தோட்டக்காரர் போன் போட்டது எதிர்க்கட்சி வார்டுக்காரருக்கு. அவர்தான் வனத்துறை ஆட்களைக் கூட்டிவந்தார். எழவு வீடென்றாலும் முதலில் சாமியானாவோடு நிற்பவர் அந்த வார்டுக்காரர்தான். தோழரண்ணனும் வருவார், வந்து, சடங்குகள் மூடநம்பிக்கை என்று பங்காளிகளுக்கு விளக்குவார்.

அவர் சந்தோஷப்பட்ட நாளே இல்லையா என்றால், உண்டு. 2019இல் கோவை நாடாளுமன்றத் தொகுதியில் மார்க்சிஸ்ட் வேட்பாளர் பி.ஆர். நடராஜன் 1.79 லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். தோழரண்ணன் பேக்கரியில் இருந்த அத்தனை பேருக்கும் டீயும் தேங்காய் பன்னும் வாங்கிக் கொடுத்தார். அன்று சாயங்காலமே முகம் வாடிவிட்டது. தொண்டாமுத்தூர் பொள்ளாச்சி நாடாளுமன்றத் தொகுதிக்குள் வருகிறது. “செங்கொடி ஜெயிச்ச தேர்தல்ல என்ற ஓட்டு இல்லாமப் போச்சேங்க!”

2021 அக்டோபரில் குருடம்பாளையம் ஊராட்சி வார்டு இடைத்தேர்தல். சுயேச்சையாக நின்ற பா.ஜ.க.காரர் ஒருவருக்கு ஒரே ஒரு ஓட்டு. ‘ஒத்த ஓட்டு’ என்று நாடே சிரித்தது. இவர் ஒரு வாரம் சிரித்தார். “அந்தத் தம்பி குடும்பத்து ஓட்டெல்லாம் வேற வார்டுலீங்களாமா” என்று வீட்டம்மா சொன்ன பிறகும் சிரித்தார்.

2022 பிப்ரவரியில் கோவை மாநகராட்சியின் 100 வார்டில் 96 தி.மு.க. கூட்டணிக்கு. அ.தி.மு.க.வுக்கு மூன்றே மூன்று. வெடி வெடிக்க வேண்டிய மனுஷன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வீடு வீடாக ஹாட்பாக்ஸ் கொடுத்தார்கள் என்று எதிர்த்தரப்பு புகார் கிளப்பியிருந்தது. “பத்து மாசத்துல சனம் இப்படித் திரும்புமுங்களா? இது கொள்கைக்கு விழுந்த ஓட்டா, ஹாட்பாக்ஸுக்கு விழுந்த ஓட்டா?”

தோற்றால் மக்கள் சரியில்லை. ஜெயித்தால் கட்சி சரியில்லை. “உங்க ஆளுக தோத்தாலும் இதே மூஞ்சி, ஜெயிச்சாலும் இதே மூஞ்சி” என்று வீட்டம்மா காபியை டொக்கென்று வைத்தார்.

பேக்கரிக்காரர் ஒருநாள் கேட்டேவிட்டார்: “ஏனுங்ண்ணா, அடுத்த தடவ நீங்களே நின்னா என்னங்க?”

“நமக்கு ஓட்டுப் போடற அளவுக்கு மக்கள் இன்னும் பக்குவப்படலீங்க.”

“செரி, உங்கூட்ல நாலு ஓட்டு இருக்குதுங்களே, அதாச்சும் விழுமுங்களா?”

“அதெப்படிங்க சொல்ல முடியும்? ரகசிய வாக்குதானுங்க சனநாயகத்தோட உசுரு. யாருக்குப் போடுவேன்னு ஊட்டுக்காரிகிட்டப் போய்க் கேக்கறது ஆணாதிக்கமுங்க!”