எட்மன்ரனுக்குப் போறதோ, விடுறதோ?

ஸ்காபரோ,
தை மாதம்.

அன்புள்ள மச்சான்,

வாட்சப் இருக்கேக்க உவன் ஏன் கடிதம் எழுதிறான் எண்டு யோசிப்பாய். ஃபோனில கதைச்சால் உன்ர தங்கச்சி பக்கத்தில நிண்டு வசனத்துக்கு வசனம் திருத்தம் சொல்லுவா. கடிதம் எண்டால் முத்திரை ஒட்டுமட்டும் நான் சொல்லுறதுதான் சட்டம்.

இவ்வளவு காலம் கனடாவில இருந்தும் ஏன் இன்னும் வாடகை வீடு எண்டு மாமி கேட்டாவாம். நியாயமான கேள்வி. ரொறன்ரோவிலயும் சுத்துவட்டாரத்திலயும் ஒரு சராசரி வீடு பத்து லட்சம் டொலர் அளவில நிக்குது. அதை இலங்கைக் காசில பெருக்கிப் பாக்காதை, நித்திரை வராது. கடன்பட்டு வாங்கினாலும் ஒன்ராறியோ மாகாணத்துக்கு ஒரு காணி மாற்ற வரி, ரொறன்ரோ நகரசபைக்கு இன்னொரு காணி மாற்ற வரி. ஒரு வீடு, ஒரு உறுதி, ரெண்டு வரி. ஆனபடியால் நாங்கள் ஒரு புண்ணியவானின்ர பேஸ்மென்ரில இருக்கிறம். யன்னலால பாத்தால் ரோட்டால போற ஆக்களின்ர சப்பாத்து மட்டும் தெரியும். சப்பாத்தைப் பாத்தே ஆர் போயினம் எண்டு சொல்லுற அளவுக்கு உன்ர தங்கச்சி தேறியிட்டா.

இந்த நேரம் பாத்துத்தான் அல்பேர்ட்டாக்காரர் கூப்பிடத் தொடங்கினவை. உண்மையாத்தான் சொல்லுறன். 2022இல அந்த மாகாண அரசாங்கம் 'அல்பேர்ட்டா அழைக்கிறது' எண்டு ரொறன்ரோவில விளம்பரம் போட்டது. வீடு மலிவு, வேலை இருக்கு, வாருங்கோ எண்டு. 2024இல இன்னும் ஒரு படி மேல போய், சில கைத்தொழில் தெரிஞ்சவை குடிபெயர்ந்து வந்தால் 5,000 டொலர் எண்டு அறிவிச்சவை. நீ இஞ்ச இருந்திருந்தால் உன்ர மேசன் கையைக் காட்டிக் கேட்டுப் பாத்திருக்கலாம். எனக்குத் தெரிஞ்சது கணக்கெழுத்து. அதுக்கு ஒரு சதமும் இல்லை.

சரி, கணக்கப்பிள்ளை எண்டபடியால் கொப்பியை எடுத்து நடுவில கோடு கீறினன். அல்பேர்ட்டாவில இருக்கிற எட்மன்ரனில ஒரு வீடு இஞ்சத்தை விலையில அரைவாசிக்கும் குறைய. காணி மாற்ற வரி எண்ட கதையே இல்லை. கடையில சாமான் வாங்கினால் இஞ்ச 13 வீதம் வரி, அங்க 5 வீதம். மற்றப் பக்கத்தில, அங்கத்தைக் குறைஞ்ச சம்பளம் மணித்தியாலத்துக்கு 15 டொலர் எண்டு 2018இல வைச்சது, அப்பிடியே குந்திக்கொண்டிருக்கு. இஞ்ச 17ஐத் தாண்டியிட்டுது. கரண்ட் பில்லிலயும் ஒரு விளையாட்டு இருக்கு. எரிச்ச கரண்டுக்கு ஒரு காசு, அதைக் கம்பியால கொண்டுவந்து தந்ததுக்கு இன்னொரு காசு. சிலவேளை வந்த செலவு எரிச்ச செலவை விடக் கூடவாம்.

எண்டாலும் கூட்டிக் கழிச்சால் எட்மன்ரன்தான் வெல்லுது. இது எனக்கு மட்டும் விளங்கின கணக்கு எண்டு நினையாதை. 2023இல மற்ற மாகாணங்களில இருந்து அல்பேர்ட்டாவுக்குப் போனவையில, அங்க இருந்து வெளிக்கிட்டவையைக் கழிச்சால், 55,000க்கு மேல மிச்சம். கனடாவில எந்த மாகாணத்துக்கும் ஒரு வருஷத்தில அப்பிடிச் சனம் போய்ச் சேரேல்லையாம். மலிவு எண்டு இவ்வளவு பேர் ஓடினால் மலிவு எவ்வளவு காலம் நிக்கும்? அங்கயும் வாடகை ஏறியிட்டுது.

இனிக் குளிர். எங்களோட பள்ளிக்கூடத்தில படிச்ச ஒருத்தன் எட்மன்ரனில இருக்கிறான். எப்பிடிக் குளிர் எண்டு கேட்டால், "அது காய்ஞ்ச குளிர் மச்சான், உடம்பில ஏறாது" எண்டுறான். அங்க இருக்கிற எல்லாரும் அதையேதான் சொல்லீனம், மந்திரம் பாடமாக்கின ஆக்கள். மைனஸ் 40 வரைக்கும் போற நாளும் உண்டு. அது செல்சியசோ பரனைற்றோ எண்டு நீ கேக்கத் தேவையில்லை. மைனஸ் 40இல ரெண்டும் ஒண்டுதான். காலமெல்லாம் ஒத்துவராத ரெண்டு அளவுகோலும் சண்டையை விட்டிட்டு ஒட்டிக்கொண்டு நிக்கிற குளிர் அது. அதோட காத்தும் சேந்தால், மூடாத தோல் பத்து நிமிசத்துக்குள்ள விறைச்சுப் போகும்.

காரைப் பற்றிச் சொன்னால் நீ நம்பமாட்டாய். அங்கத்தைக் காருகளின்ர முன்பக்கத்தால, மூக்குக்குக் கீழ, ஒரு பிளக் தொங்கும். இரவில வீட்டுக்கு வந்து காரை நிப்பாட்டினால், வயரை இழுத்துச் சுவரில இருக்கிற கரண்டில குத்த வேணும். எஞ்சினுக்குள்ள ஒரு சின்ன ஹீற்றர் விடியும்வரை சூடு பிடிக்கும். இல்லாட்டி எண்ணெய் தடிச்சுப்போய்க் கார் எழும்பாது. கொப்பர் பின்னேரத்தில மாட்டைக் கொண்டந்து கட்டுற மாதிரி, அங்க காரைக் கட்டுகினம். கட்டினதை மறந்து விடிய வேலைக்கு எடுத்துக்கொண்டு போற ஆக்களும் இருக்கினமாம். பின்னால வயர் இழுபட்டுக்கொண்டு போகுமாம். வேலைத்தல வாகனத் தரிப்பிடத்திலயும் வரிசை வரிசையா பிளக் பொயின்ற். எங்கட ஊரில தென்னைக்குக்கூட அப்பிடி ஒழுங்கா வரிசை பிடிச்சு நான் காணேல்லை.

அப்பிடியொரு குளிரில, 2024 தை 13ஆம் திகதி இரவு, அல்பேர்ட்டா முழுக்க எல்லாற்ற ஃபோனும் ஒரே நேரத்தில அலறினது. கரண்டைக் குறையுங்கோ, இல்லாட்டி முறைவைச்சு வெட்டவேண்டி வரும் எண்டு அரசாங்க எச்சரிக்கை. 2022இல ஊரில ஒரு நாளைக்குப் பதின்மூண்டு மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த உனக்கு இது சிரிப்பா இருக்கும். நீ பனையோலை விசிறியை எடுத்துக்கொண்டு முத்தத்தில இருந்திருப்பாய். அங்க வீட்டுக்குச் சூடு வாறது எரிவாயுவில எண்டாலும், அந்தச் சூட்டை அறையறையா ஊதித் தள்ளுறதுக்குக் கரண்ட் வேணும். அது நிண்டால் குழாய்த் தண்ணி உறைஞ்சு குழாய் வெடிக்கும். நல்லகாலம், சனம் லைற்றுகளை நூத்து வெட்டு வராமல் தப்பினது.

ரொறன்ரோவும் லேசுப்பட்ட இடமில்லை, ஒளிக்காமல் சொல்லுறன். 1999 தை மாதம் இஞ்ச கொட்டின ஸ்னோவை அள்ள ஏலாமல் மேயர் ஆமியைக் கூப்பிட்டவர். ஆமி எண்டவுடன பதுங்குகுழி தேடாதை மச்சான், அவங்கள் வந்தது ஸ்னோ அள்ள. அதைச் சொல்லி மேற்குப் பக்கத்து ஆக்கள் இப்பவும் எங்களுக்கு நக்கல் அடிக்கினம்.

அதே அல்பேர்ட்டாவில இருக்கிற கல்கரிக்குப் போகலாமே எண்டும் ஒரு யோசனை வந்தது. வருஷத்தில 333 நாள் வெயில் தெரியுமாம். மாரியில மலைப்பக்கத்தால ஒரு சூட்டுக்காத்து வந்து ஒரே நாளில 20 பாகை ஏத்திப்போட்டுப் போகும். ஆனால் 2024 ஆவணியில அங்க விழுந்த ஆலங்கட்டி மழையில இன்சூரன்ஸ்காரருக்கு வந்த செலவு மூண்டு பில்லியன் டொலர் அளவில. வீட்டுச் சுவர் சல்லடை, காரின்ர கண்ணாடி தூள். கல்கரியை அதோட வெட்டிவிட்டன்.

இனித்தான் கணக்கின்ர சிக்கலான இடம். கொப்பியில 'சொந்தக்காரர்' எண்டு ஒரு வரி போட்டன். அதை வரவில எழுதிறதோ செலவில எழுதிறதோ எண்டு தெரியாமல் கொஞ்சநேரம் பேனையைக் கடிச்சுக்கொண்டு இருந்தன்.

செலவு முதல். ஸ்காபரோவில சனி ஞாயிறு எண்டால் மண்டபம்தான். பிறந்தநாள், சாமத்திய வீடு, கலியாணம், வீடு குடிபூரல், அரங்கேற்றம், பழைய மாணவர் இராப்போசனம். ஒவ்வொண்டுக்கும் ஒரு என்வலப். நூறு டொலருக்குக் குறைச்சால் எங்களுக்கே வெக்கம். நெருங்கின சொந்தம் எண்டால் அந்த என்வலப் இன்னும் கொழுக்கும். போன வருஷம் உப்பிடிக் குடுத்த காசைக் கூட்டிப் பாத்தால் எங்கட ஒரு மாச வாடகையை விடக் கூட வருது. விலைவாசி கணக்கெடுக்கிற எந்த அரசாங்க அட்டவணையிலயும் இந்தச் செலவு இல்லை. எட்மன்ரன் இஞ்சயிருந்து விமானத்தில நாலு மணித்தியாலம். அழைப்பு வந்தால் "தூரம், வர ஏலாமல் போச்சு" எண்டு சொல்ல அதைவிட நல்ல நியாயம் வேற என்ன?

இப்ப வரவு. பின்னேரம் பள்ளிக்கூடத்தால பிள்ளையளைக் கூட்டிவாறது என்ர அக்கா. சாப்பாடு தீத்தி, வீட்டுப்பாடமும் பாத்துவிடுறது அத்தான். நாங்கள் வேலையால வரேக்க குசினி மேசையில ஒரு சட்டி மீன்குழம்பு மூடி இருக்கும். அக்காவின்ர வேலைக்குச் சந்தை விலை போட்டுப் பாத்தன். எட்மன்ரன் வீட்டில நான் மிச்சம் பிடிக்கிற காசில பெரும்பங்கு அதிலயே போயிடுது. அக்காவுக்கு இதுவரைக்கும் நான் குடுத்தது வருஷத்துக்கு ஒரு சீலை.

கொப்பியை உன்ர தங்கச்சியிட்டைக் காட்டினன். அவ கரண்ட் பில்லையும் பாக்கேல்லை, குளிரையும் பாக்கேல்லை. நேர என்வலப் வரியில விரலை வைச்சா. "இத்தனை வருஷமா ஊருக்கெல்லாம் குடுத்திருக்கிறம். மகளின்ர அரங்கேற்றத்துக்கு முதல் எட்மன்ரன் போனால் அதெல்லாம் திரும்பி வருமோ?" எண்டு கேட்டா. கணக்கு படிச்சவன் நான். கடன் நிலுவையைக் கண்டுபிடிச்சது அவ.

இப்போதைக்கு முடிவு இதுதான். மாசி மாதம் நான் மட்டும் எட்மன்ரனுக்குப் போய்க் கூட்டாளி வீட்டில ஒரு கிழமை நிக்கப் போறன். ஆடியில போனால் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம், பச்சைப் புல்லு, ஆறு. அதைப் பாத்து முற்பணம் கட்டின ஆக்கள் கனபேர். மார்கழியில அங்க பகல் ஏழரை மணித்தியாலம்தான். இடம் மாற யோசிக்கிற ஆர் கேட்டாலும் நான் சொல்லுறது, அந்த இடத்தின்ர மோசமான மாதத்தில போய்ப் பாத்திட்டுப் பேந்து விலையைக் கேள். போக முடிவெடுத்தாலும் அரங்கேற்றம் முடிஞ்சுதான் வெளிக்கிடுவம்.

ஒரு உதவி. இந்தக் கடிதத்தை மாமிக்கு வாசிச்சுக் காட்டாதை. மாமிக்குத் தெரிஞ்சால் நெல்லியடிச் சந்தைக்குத் தெரியும், சந்தைக்குத் தெரிஞ்சால் அரை மணித்தியாலத்தில ஸ்காபரோவுக்கு வந்திடும். வீட்டுக்காரர் வேற ஆள் பாக்கத் தொடங்கிடுவார், அக்கா கதைக்கிறதை நிப்பாட்டிப் போடுவா. ஆரும் வந்தால் ஒடியல் மாவும் வறுத்த மிளகாய்த்தூளும் குடுத்துவிடு. பார்சலில விலாசம் ஸ்காபரோ எண்டே எழுது.

இப்படிக்கு,
உன் மச்சான்